அறுபத்து நான்கு கால்கள்

இந்தக் கதையைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நான் ஒரு காட்டுக்கோழி. பெயர் செம்பி. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள். பத்து வரைக்கும்தான் எண்ணத் தெரியும். இதுவோ எண்ணிக்கையைப் பற்றிய கதை. எங்காவது தப்பு வந்தால் திட்டுங்கள். ஆனால் கடைசி வரை கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் காட்டில் ஓடைக்கரையில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே ஆமை ஒருவர்தான் வாத்தியார். நாலாம் வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். பதினெட்டு என்பது வாத்தியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முயல், அணில், கீரி, குரங்கு, காடை என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. என் மகன் கருவாயனும் அந்த வகுப்பில்தான் படித்தான்.

ஆமை வாத்தியார் பிள்ளைகளை எண்ணும் விதமே தனி. அவர் தரையோடு தரையாக நடப்பவர். தலையைத் தூக்கினால் கழுத்து வலிக்கும். அதனால் முகங்களைப் பார்க்க மாட்டார். கால்களை எண்ணுவார்.

"பறவை நாலு, எட்டுக் கால். மிருகம் பதினாலு, ஐம்பத்தாறு கால். ஆக அறுபத்து நாலு! கால் சரியா இருந்தா பிள்ளையும் சரியா இருக்கு!" என்பார்.

குரங்கு வீட்டுத் தாவான் மட்டும் வேண்டுமென்றே இரண்டு காலில் நிமிர்ந்து நிற்பான்.

"டேய், கையைக் கீழே ஊணுடா! கணக்கு உதைக்குது!" என்று வாத்தியார் கத்துவார். வகுப்பே சிரிக்கும். நானும் வேலியோரம் நின்று சிரித்திருக்கிறேன்.

காட்டின் மேற்கு ஓரத்தில், வேட்டைக்கு வந்த மனிதர்கள் கட்டிவிட்டுப் போன பழைய பங்களா ஒன்று உண்டு. அவர்கள் பஞ்சு அடைத்து வைத்த மிருகங்கள் அங்கேயே கிடந்தன. ஒரு நரி அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கி, 'காட்டு வரலாறு மற்றும் காட்டுயிர்க் காட்சிசாலை' என்று பலகை மாட்டிவிட்டது. ஒவ்வொரு வருடமும் நாலாம் வகுப்பு அங்கே சுற்றுலா போகும். துணைக்கு ஒரு அம்மா போக வேண்டும். அந்த வருடம் மற்ற அம்மாக்கள் எல்லோரும் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். எனக்குச் சட்டென்று ஒரு வேலையும் நினைவுக்கு வரவில்லை. அதனால் நான் போனேன்.

புறப்படும் காலையில் இலந்தை என்னைத் தேடி வந்தாள். அவள் ஒரு சருகுமான். முயலை விடக் கொஞ்சம்தான் பெரியவள். அவளுடைய ஒரே மகள் நொச்சியும் எங்களோடு வருவதாக இருந்தது.

"செம்பியக்கா, ஒரு சின்ன விஷயம்," என்றாள். "எங்க சாதிக்கு ஒரு பழக்கம் உண்டு. பயம் வந்தா ஓட மாட்டோம். அப்படியே நின்னுடுவோம். சருகுக்குள்ள நின்னா புலிக்குக்கூடத் தெரியாது. இவளுக்கும் அதைத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"நல்லதுதானே, தங்கச்சி?"

"காட்டுல நல்லதுதான். போற இடத்துல எப்படியோ! அவ நின்னுட்டா, பேர் சொல்லிக் கூப்பிடுங்க. தெரிஞ்ச குரல் கேட்டாத்தான் காலை எடுப்பா. கூப்பிடுவீங்கல்ல?"

"இது ஒரு பெரிய விஷயமா? நான் கூப்பிடுறேன். நீ கவலைப்படாம போ!"

இப்படித்தான் சொன்னேன். வார்த்தை மாறாமல் இப்படியேதான் சொன்னேன்.

ஆமை வேகத்தில் நடந்தோம். விடியலில் கிளம்பியவர்கள் போய்ச் சேரும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது. நரி வாசலிலேயே காத்திருந்தது. கழுத்தில் ஒரு சாவிக் கொத்து தொங்கியது.

"வாங்க ஐயா, வாங்க! உங்க பள்ளிக்கூடம்னா எனக்குத் தனி மரியாதை. எத்தனை பிள்ளைங்க?"

"பதினெட்டு. அறுபத்து நாலு கால்!" என்றார் வாத்தியார் பெருமையாக.

"காலை எண்ணுறீங்களா? ஆகா, எப்பேர்ப்பட்ட மூளை!" என்றது நரி. அப்படிச் சொல்லும்போதே அதன் கண் வரிசையில் ஓடியது. கடைசியில் நின்ற நொச்சியிடம் வந்ததும் அந்தக் கண் நின்றுவிட்டது. நான் பார்த்தேன். ஆனால் என்ன நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளே ஒரே இருட்டு. பாச்சை உருண்டை வாசனை மூக்கைத் துளைத்தது. சுவரில் ஒரு பலகை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'சத்தம் போடாதீர். தொடாதீர். வரிசை கலைக்காதீர்.'

முதல் அறையில் ஒரு காட்டெருமையின் தலை சுவரிலிருந்து எட்டிப் பார்த்தது.

"மிச்ச உடம்பு அந்தப் பக்கம் இருக்கா?" என்று தாவான் கேட்டான்.

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் பதற்றத்தில் கொக்கரிப்பு வந்துவிட்டது.

நரி உடனே திரும்பியது. "அம்மா! பலகையைப் பார்த்தீங்கல்ல? இது காட்சிசாலை. முட்டை போடுற இடம் இல்லை!"

வகுப்பு முழுவதும் சிரித்தது. வாத்தியாரும் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு சிரித்தார். கருவாயன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். அதற்குப் பிறகு நான் அலகைத் திறக்கவில்லை.

இரண்டாவது அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் 'சருகுமான் குடும்பம்' என்று எழுதி, ஒரு தகப்பனையும் தாயையும் ஒரு குட்டியையும் பஞ்சு அடைத்து நிறுத்தியிருந்தார்கள். குட்டியைப் பூச்சி அரித்திருந்தது. ஒரு காது இல்லை. நாலு காலையும் ஒரு பலகையில் வைத்து ஆணி அடித்திருந்தது.

"அப்பாவும் அம்மாவும் நல்லாத்தான் இருக்காங்க. குட்டிதான் கெட்டுப்போச்சு. மாத்தணும்," என்றது நரி.

"புதுக் குட்டி எங்கேயிருந்து வரும்?" என்று கேட்டான் தாவான்.

"வரும் தம்பி. இந்த மாதிரி இடத்துக்கு எல்லாம் தானா வந்து சேரும்!"

"எல்லாரும் குறிச்சுக்குங்க!" என்றார் வாத்தியார்.

நொச்சி அந்தப் பெட்டியின் முன்னாலேயே நின்றாள். "அத்தை, அந்தக் குட்டிக்கு என்ன பேரு?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

"பேரு எழுதலையே கண்ணு," என்றேன்.

"பேர் தெரியாட்டி அவங்கம்மா எப்படிக் கூப்பிடுவாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் நரி அடுத்த சாமானைக் காட்டத் தொடங்கிவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதன்மேல் ஒரு கம்பிப் பொறி இருந்தது.

"இது அந்தக் காலத்து வேட்டைப் பொறி. இப்ப யார் இதை வைக்கிறா? சும்மா வரலாறு!" என்றது நரி. ஆனால் கம்பியில் புது எண்ணெய் பளபளத்தது. ஓரத்தில் இரண்டு மயிர் ஒட்டியிருந்தது. அது வரலாற்று மயிர் மாதிரி எனக்குத் தெரியவில்லை.

"எப்படி வேலை செய்யும்னு பாருங்க!" என்று நரி ஒரு குச்சியால் அதைத் தட்டியது.

படார்!

பிள்ளைகள் அலறிக்கொண்டு நடைவழிக்கு ஓடினார்கள். அணில்கள் சுவரில் ஏறின. கருவாயன் என் இறக்கைக்குள் புகுந்தான். நானும் ஓடினேன். அறை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது அறைக்குள் நரியின் புதர் வால் மட்டும் தெரிந்தது. வாலுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். நொச்சியின் பெயர் என் தொண்டை வரை வந்துவிட்டது, அலகையும் திறந்துவிட்டேன்.

நரி சுவரைக் காட்டியது. "அம்மா! பலகை!"

நான் அலகை மூடிக்கொண்டேன்.

நரி ஒரு கூடை நாவற்பழத்தைக் கொண்டுவந்து நடைவழியில் கொட்டியது. "பயந்துட்டீங்களா, செல்லங்களா? சாப்பிடுங்க! நான் போய்ப் பின்னாடி நிக்கிறவங்களைக் கூட்டிட்டு வரேன்." பிள்ளைகள் குனிந்து பழம் பொறுக்கினார்கள். கொஞ்ச நேரத்தில், "ஐயா, வெளியே ஒரே வெயில். இங்கேயே எண்ணிடுங்களேன்!" என்று நரியின் குரல் கேட்டது.

வாத்தியார் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். தலையைத் தாழ்த்தி, கால்களைப் பார்த்துக்கொண்டே ஊர்ந்தார். நானும் வரிசையைப் பார்த்தேன். கடைசியில், இருட்டில், சுவரோரமாக ஒரு சருகுமான் குட்டி நின்றது. அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. குட்டி பழம் தின்னவில்லை. பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன். காலுக்கு அடியில் ஏதோ பலகை மாதிரி இருந்தது. வாசற்படி என்று நினைத்தேன். வேண்டுமென்றால் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது, பாருங்கள்.

"அறுபது, அறுபத்தொண்ணு, அறுபத்திரண்டு, அறுபத்து மூணு, அறுபத்து நாலு! கணக்குச் சரி!" என்று சொல்லி வாத்தியார் ஏட்டில் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தோம். கதவு எங்களுக்குப் பின்னால் மூடியது.

மூங்கில் காட்டைத் தாண்டும்போது கருவாயன் என்னிடம் வந்தான். "அம்மா, நொச்சி ஏன் என்கூடப் பேசலை?"

"எப்ப?"

"வரிசையில நிக்கும்போது. என் பின்னாடிதான் நின்னா. பழம் குடுத்தேன், வாங்கலை. கண்ணைக்கூடச் சிமிட்டலைம்மா. அப்புறம் நடக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவளைக் காணோம்."

பிள்ளைகளை எண்ணிப் பார்த்தேன். பத்து வரை வந்தது. அதற்கு மேல் குழம்பியது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். மறுபடியும் பத்தில் நின்றேன். கடைசியில் எண்ணுவதை விட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பெயரைச் சொல்லிக்கொண்டேன். எல்லாப் பெயருக்கும் முகம் இருந்தது. நொச்சி என்ற பெயருக்கு மட்டும் இல்லை.

வரிசையின் முன்னால் ஓடினேன். "வாத்தியாரய்யா! நொச்சியைக் காணோம்!"

"யாரைக் காணோம்? நான் எண்ணினேனே. அறுபத்து நாலு!"

"கால் இருந்துச்சுங்க. ஆனா பிள்ளை..."

"கால் மட்டும் தனியா வருமா? நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"மூணாவது, ஐயா."

"எத்தனை வரைக்கும் எண்ணத் தெரியும்?"

"பத்துங்க."

பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். வாத்தியார் மெதுவாகத் தலையை ஆட்டினார். "திரும்பிப் போய்ட்டு வந்தா வீடு போய்ச் சேர்றதுக்குள்ள இருட்டிடும். இத்தனை பிள்ளைங்களையும் நடுக்காட்டுல நிறுத்தச் சொல்றீங்களா? பத்து வரைக்கும் தெரிஞ்சவங்க பேச்சைக் கேட்டா?"

நான் ஒருத்தியாவது திரும்பி ஓடியிருக்கலாம். கோழியின் ஓட்டத்துக்கு அது பெரிய தூரமில்லை. ஆனால், ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருந்தால்? ஒருவேளை நொச்சி முன்னாலேயே ஓடிப்போய் வீட்டில் இருந்தால்? பங்களா வாசலில் போய்க் கத்தி, மறுபடியும் எல்லோரும் சிரித்தால்? இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே ஓடைக்கரை வரைக்கும் நடந்து வந்துவிட்டேன்.

இலந்தை அங்கே காத்திருந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். கடைசிப் பிள்ளையும் தாண்டிய பிறகு அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, கூப்பிட்டீங்களா?" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

நானும் அவளும் திரும்பி ஓடினோம். போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கதவு பூட்டியிருந்தது. இலந்தை கதவில் முட்டினாள். நான் ஜன்னல் திட்டில் பறந்து ஏறி, அந்த நாள் முழுவதும் தொண்டையில் இருந்த பெயரைக் கத்தினேன்.

"நொச்சி! நொச்சி!"

உள்ளே எங்கோ ஒரு குளம்புச் சத்தம் கேட்டது. டொக். ஒரே ஒரு டொக்.

இலந்தையின் காது இரண்டும் நிமிர்ந்தன. "அவதான்! அக்கா, அவதான்! இன்னும் கூப்பிடுங்க!"

கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் வரவில்லை.

நரி ஜன்னலைக் கொஞ்சம் திறந்தது. வாயில் ஒரு தையல் நூல் தொங்கியது. "பார்வை நேரம் முடிஞ்சுபோச்சு. என்ன வேணும்?"

"என் மக உள்ளே இருக்கா! சத்தம் கேட்டுச்சு!" என்றாள் இலந்தை.

"பழைய மரச்சாமான் தாயி. வெயில் தாழ்ந்தா சுருங்கும், சத்தம் வரும். வாத்தியார் எண்ணிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காரு. அவர் படிச்சவரு!" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திவிட்டது.

மறுநாள் கரடித் தலைவரிடம் வழக்கு போனது. வாத்தியார் ஏட்டைக் காட்டினார். 'உள்ளே போனது அறுபத்து நாலு. வெளியே வந்தது அறுபத்து நாலு.' கரடி அதை இரண்டு தடவை படித்தது.

"பங்களாவுல எல்லாம் சரியா இருந்திருக்கு. வர்ற வழியிலதான் தொலைஞ்சிருக்கணும்," என்றது. பிறகு என் பக்கம் திரும்பியது. "வழியில வரிசைக்குப் பின்னாடி வந்தது யாரு? நீதானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பலகையில் ஆணி அடித்த கால்களைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். பொறியில் ஒட்டியிருந்த மயிரைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அந்த டொக் சத்தத்தைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பழி என் தலையில் விழப் போகிறது என்று தெரிந்ததும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் தோன்றியது.

"எனக்கு எண்ணத் தெரியாதுங்க," என்றேன்.

"அப்ப உன்னைக் கேட்டு என்ன பிரயோசனம்? போ!" என்றது கரடி. நான் தப்பித்துவிட்டேன். உள்ளே குளம்புச் சத்தம் கேட்டது என்று இலந்தை சொன்னதை, பெற்றவளுக்கு அப்படித்தான் காதில் கேட்கும் என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். அவள் என்னோடு சண்டை போடவில்லை. என்னைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள்.

அடுத்த வருடம் பள்ளிக்கூடம் மறுபடியும் சுற்றுலா போனது. நான் துணைக்குப் போகவில்லை. ஆனால் அவர்களுக்குப் பின்னாலேயே போய், கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே நுழைந்தேன்.

கண்ணாடிப் பெட்டியில் குட்டியை மாற்றியிருந்தார்கள். இரண்டு காதும் இருந்தன. மேலெல்லாம் புள்ளிகள் அப்படியே பளிச்சென்று இருந்தன. கீழே ஒரு புதுச் சீட்டு. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'சருகுமான் குட்டி. பயந்தால் அசையாமல் நிற்கும் இயல்புடையது. ஓடைக்கரைப் பள்ளியின் அன்பளிப்பு.'

இந்தக் குட்டிக்கும் பெயர் எழுதவில்லை.

'சத்தம் போடாதீர்' என்ற பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு நான் கத்தினேன். "நொச்சி! நொச்சி!"

"சத்தம்! சத்தம்!" என்று நரி ஓடி வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். கண்ணாடிக்குள் ஒரு காதுகூட அசையவில்லை. நடைவழியிலிருந்து வாத்தியாரின் குரல் கேட்டது. "இந்த வருஷமும் கணக்குச் சரி!"

கேட்பவர்களிடமெல்லாம் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். "இதை ஏன் அன்னிக்கே சொல்லலை?" என்று கேட்டார்கள். இலந்தையிடம் மட்டும் அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

கடைசியில் நான் செய்தது இவ்வளவுதான். கருவாயனையும் மற்ற குஞ்சுகளையும் அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்தினேன். மலையின் மறுபக்கச் சரிவில், பங்களா தெரியாத இடத்தில், ஒரு முட்புதருக்குள் குடியேறினேன். என் குஞ்சுகளை யாரும் எண்ண விடுவதில்லை. பொழுது சாய்ந்ததும் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். பதில் குரல் வந்தால்தான் அடுத்த பெயருக்குப் போகிறேன். எல்லாப் பெயரும் முடிந்த பிறகு இன்னும் ஒரு பெயரைக் கூப்பிடுகிறேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு இறக்கையை மூடிக்கொள்கிறேன்.

ஒரு பிள்ளையைக் காணவில்லை என்று உங்கள் மனம் சொன்னால், கணக்குச் சரி என்று எத்தனை பேர் சொன்னாலும், யார் உங்களைப் பார்த்துச் சிரித்தாலும், நின்ற இடத்திலேயே நின்று அப்போதே அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுங்கள்.